வெளியே ஏதாவது போகுமா

மார்ச் 3, திங்கள்

காலையில் ரங்கன் சார் புது வேலை கொடுத்தார்.

எங்கள் நிறுவனத்தின் கருவிக்குப் பெயர் துழாவி. ஒரு இணையதளத்தில் எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது, எந்த ஜன்னலில் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று திருடன் வருவதற்கு முன்பே தேடிச் சொல்லும். இதுவரை அதை மனிதர்கள் ஓட்டினார்கள். இனி ஏஐ ஏஜென்ட், அதாவது தானாகவே வேலை செய்யும் மென்பொருள், ஓட்டப்போகிறது. அது படித்து நடந்துகொள்ள ஒரு கையேடு வேண்டும்.

"பழைய கையேட்டையே குடுத்தரலாம்னு பாத்தேனுங்க செம்மலர். ஆனா அதுல பாதி எடத்துல 'சந்தேகம் இருந்தா ஹசீனாவைக் கேட்கவும்'னு போட்டிருக்குது. ஏஜென்ட் எப்படிங்க ஹசீனாவைக் கூப்பிடும்?"

"கூப்பிடட்டும் சார்," என்றார் ஹசீனா அக்கா தன் இடத்திலிருந்தே. "அதாச்சும் ஒரு வணக்கம் சொல்லிட்டுக் கேக்கும்."

துழாவியை எட்டு வருடமாக ஓட்டுகிறவர் அவர். அதை அடிக்கடி சொல்லவும் செய்வார்.

அலுவலகத்தில் நான் எழுதுவது ஆங்கிலம். தமிழில் எழுதுவது இந்த நோட்டில் மட்டும். இதை யாரும் படிப்பதில்லை. அந்தக் கையேட்டை இனி மனிதர் யாரும் படிக்கப் போவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க ஹசீனா அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டேன். முகவரியைக் கொடுப்பது, எந்தக் கணக்கில் உள்ளே நுழைவது, ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தச் சொல்வது, எங்கே நிறுத்துவது.

வேலையைத் தொடங்குமுன் அவர் வாடிக்கையாளருக்குப் போன் செய்தார். இன்று ஒரு பர்னிச்சர் கடை. அந்தப் பக்கம் இருந்தவரின் மகன் பரீட்சை எப்படி எழுதினான், வெயில் இப்பவே இப்படி அடிக்கிறதே, என்று போய்க்கொண்டே இருந்தது பேச்சு. நடுவில், தண்ணீர் குடிக்கிற மாதிரி, "ஏனுங், இதுலருந்து வெளியே ஏதாச்சும் போகுமா? மெயிலு, மெசேஜு, பணம், எதுனாலும்?" என்று கேட்டார். "போகுதா? அப்ப அந்த ஒயரப் புடுங்கிட்டுச் சொல்லுங்க" என்றார். மறுபடியும் மகனின் பரீட்சைக்குப் போய்விட்டார்.

போனை வைத்ததும், "இதையும் எழுதணுமாக்கா?" என்று கேட்டேன்.

"இதென்னத்த எழுதற? இது நான் சும்மா பேசறது. கருவியப் பத்தி எழுது."

இருந்தாலும் குறித்துக்கொண்டேன். எதையும் விடாமல் குறித்துக்கொள்வது பழக்கம்.

மார்ச் 6, வியாழன்

இடது மார்பில் அந்தக் கட்டி. இன்னும் இருக்கிறது. மாதவிடாய் முடிந்தால் தானாகக் கரைந்துவிடுவதும் உண்டு என்று படித்திருந்தேன். முடிந்து நாளாகிவிட்டது.

ஹாஸ்டலில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். இரண்டு பக்கெட் பிடித்து வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

முதல் வரைவை ரங்கன் சார் படித்தார். திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. படிச்சா ஒரு கட்டுரையாட்ட இருக்குதுங்க. அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் இதை முழுசாப் படிச்சிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நீளமா இருந்தா முக்கியமானது எதுன்னு அதுக்கே மறந்து போயிருது. பாதியாக் குறைங்க."

எதை வெட்டுவது? கருவியைப் பற்றியதை வெட்ட முடியாது. மனிதர்களைப் பற்றியதை வெட்டலாம். வாடிக்கையாளரிடம் போனில் கேட்பது பற்றி மூன்று வரி இருந்தது. ஏஜென்டுக்குப் போன் ஏது? வெட்டினேன். வெட்டியதும் அந்தப் பத்தி தெளிவாகத்தான் இருந்தது.

இந்த வாசகரைப் பற்றி யோசித்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். கொட்டாவி விடாது, வரி தாண்டாது, எழுதியதை எழுதியபடியே நம்பும். எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மனிதர்களுக்கு எழுதும்போது, படிக்கிறவரும் பாதியை எடுத்துக்கொண்டு வருவார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம். 'கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ' என்று சொன்னால் போதும். தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். இங்கே காத்திருப்பதையும் நான்தான் எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

மதியத்துக்கு மேல் விடுப்பு. பல் வலி என்று சொன்னேன்.

ஹாஸ்டலுக்கும் அலுவலகத்துக்கும் எட்டாத ஒரு மருத்துவமனையாகப் பார்த்துப் போனேன். தெரிந்த முகம் எதுவும் இருக்காது. பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. டாக்டர் அம்மா அதிகம் பேசவில்லை. ஸ்கேன் பார்த்தார், ஊசி போட்டுச் சதை எடுத்தார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. பயாப்ஸி பாத்துட்டா நிம்மதி. முடிவு வர ஒரு வாரம் ஆகும், போனுக்கு மெசேஜ் வரும், வந்து வாங்கிக்குங்க" என்றார்.

படிவத்தில் 'உடன் வந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. "யாராச்சும் ஒருத்தர் பேரு எழுதுங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

வரும் வழியில் மாதுளை வாங்கினேன். நன்றாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

தாராபுரத்திலிருந்து அம்மா போன்.

"ஞாயித்துக்கெழம வந்தர்றியா? உடுமலப்பேட்டயில இருந்து அவங்க பாக்க வர்றேங்கறாங்க."

"இந்த வாரம் முடியாதும்மா. வேலை."

"எப்பப் பாத்தாலும் வேல. கம்ப்யூட்டருக்குப் பொஸ்தகம் எழுதறியாம், உங்க மாமா சொல்லிச் சிரிக்கறாரு. அது படிச்சிட்டு உனக்கு மாப்பிள்ள பாக்குமா?"

அம்மாவிடம் சொன்னால் அடுத்த பேருந்தில் மூன்று பேர் வந்து இறங்குவார்கள். அழுவார்கள். கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். உடுமலைப்பேட்டைக்கு என்ன சொல்வது என்று கூடிப் பேசுவார்கள். நான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன். முடிவு தெரியட்டும், பிறகு பார்க்கலாம்.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். ஒரு நாவலில் முப்பது பக்கம் படித்தேன், யார் யாருக்கு என்ன உறவு என்பது மனதில் நிற்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று முதன்முறையாக ஏஜென்ட் தன்னந்தனியாகத் துழாவியை ஓட்டியது. ஹசீனா அக்கா அண்ணன் மகள் நிக்காவுக்காக விடுப்பு. புதன்தான் வருவார்.

வாடிக்கையாளர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆவணப் பிரிவில் இருப்பவர்களுக்கு எண் மட்டும்தான்: வாடிக்கையாளர் நான்கு, மருத்துவத் துறை. உண்மையான தளத்தைத் தொடவில்லை. சோதனைக்காகவே ஒரு பிரதி எடுத்து, ஊழியர் ஒருவரின் கணக்கோடு கொடுத்திருந்தார்கள். ஏஜென்ட் கையேட்டைப் படித்தது, உள்ளே நுழைந்தது, என் வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தது. நான் எழுதிய வாக்கியங்கள் திரையில் நடமாடுவதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மதியத்துக்குள் முடிந்தது. இரண்டு பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. அறிக்கையின் கடைசியில், 'எல்லாப் பக்கங்களும், எல்லாப் பொத்தான்களும் சோதிக்கப்பட்டன' என்று இருந்தது. படங்களும் இருந்தன. ஒரு படத்தில் நீளமான பட்டியல், பெயர்களைக் கறுப்பாக மறைத்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஊதா நிறத்தில் ஒரு பொத்தான்.

ரங்கன் சார் பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வரச் சொன்னார். "உங்க மாணவன் பாஸாயிட்டானுங்க" என்று என்னிடம் முதல் பப்ஸை நீட்டினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டே போனைப் பார்த்தேன்; கொஞ்சம் முன்னால் ஒரு செய்தி வந்திருந்தது.

'செம்மலர், உங்கள் பயாப்ஸி முடிவு தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

ஒரு வாரம் என்றார்களே. இவ்வளவு சீக்கிரம் வந்தால் நல்லதா, கெட்டதா? பப்ஸை முழுவதும் சாப்பிட்டேன். பப்ஸின் பொருக்குகள் சுடிதாரில் கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் மருத்துவமனை. ஆய்வகக் கவுண்டர் முன்னால் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் போன், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போன முறை படிவம் கொடுத்த அதே பெண், "இன்னும் வரலைங்க, யாருக்குமே வரலைங்க, தப்பா மெசேஜ் போயிருச்சு, சர்வர் பிராப்ளம்ங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சர்வருக்கு என்ன கண்ணு தெரியும்?" என்றார் என் முன்னால் நின்ற அக்கா. ஐம்பது வயது இருக்கும். பல்லடத்தில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாராம். "மொதல்ல வருது, முடிவு தயார்னு. மகனுக்கும் சொல்லாம, சூப்பர்வைசர் கால்ல விழுந்து லீவு வாங்கி, ரெண்டு பஸ்ஸு மாறி வந்து நிக்கறேன். ராத்திரி பூரா செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். இப்ப இல்லேங்கற. அப்ப நேத்து எதுக்கு இருக்குதுன்ன?"

"நான் சொல்லலைங்கம்மா. அதுவா போயிருச்சுங்க."

"அதுவா எப்பிடிப் போகும்? யாராச்சும் ஒருத்தர் அமுக்கித்தான போகும்?"

அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "பாருங்க, முடிவு வந்தா இத அமுக்கித்தான் மெசேஜ் அனுப்புவோம். உங்க பேருக்கு நேரா இன்னும் நான் அமுக்கவே இல்லைங்க."

நீளமான பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊதாப் பொத்தான்.

என் போனை எடுத்து, செய்தி வந்த நேரத்தைப் பார்த்தேன். நேற்று ஏஜென்ட் துழாவியை ஓட்டிக்கொண்டிருந்த நேரம்.

பல்லடத்து அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்கும் வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"ம், வந்துச்சுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "நல்லதுக்குத்தான் இருக்கும், வீட்டுக்குப் போ" என்றார்.

அலுவலகத்துக்குப் போனபோது மணி பதினொன்று. வாடிக்கையாளர் நான்கான அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து சதாசிவம் என்பவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். தவறாக மெசேஜ் வந்ததென்று யாரோ புகார் சொன்னார்களாம், ஆனால் இந்தச் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். "பிரதியில மெசேஜ் சர்வீஸ் ஆஃப்ல இருக்குதுங்க. போயிருக்க வாய்ப்பே இல்லைங்க. அது எங்க மெயின் சர்வர்ல வேற ஏதோ." ரங்கன் சார் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். "அப்ப வெள்ளிக்கிழமை ரெண்டாம் சுத்து ஓட்டிரலாங்களா?" "தாராளமா ஓட்டுங்க. இந்தத் தடவை எல்லாக் கிளையும் சேத்து."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மார்ச் 19, புதன்

ஹசீனா அக்கா கை நிறைய மருதாணியோடு வந்தார். எல்லோருக்கும் அல்வா. அறிக்கையைத் திறந்து பார்த்துக்கொண்டே ஒரு துண்டு வாயில் போட்டவர், மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வெளியே ஏதாச்சும் போகுமான்னு யார் கேட்டா?"

அல்வாவை விழுங்கிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கேட்டீங்களா இல்லையா?"

"அது கையேட்டுல இல்லைங்களே," என்றார் ரங்கன் சார்.

ஹசீனா அக்கா என்னைப் பார்த்தார். நான் குறித்துக்கொண்டது அவருக்குத் தெரியும்.

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்," என்றேன்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்று ரங்கன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா சதாசிவம் சர்வீஸ் ஆஃப்னு அடிச்சுச் சொல்றாருங்க. போகவே இல்லேங்கறப்ப நாமளா எதுக்கு இழுத்துப் போட்டுக்கணும்?"

வெள்ளிக்கிழமை எல்லாக் கிளையும். பல்லடத்து அக்காவுக்கு மறுபடியும் செய்தி போகும். இந்த முறை அவர் லீவு கேட்க மாட்டார், அல்லது நம்பி வருவார். இரண்டில் எது மோசம் என்று யோசித்தேன். ஒருவேளை உண்மையான செய்தி வரும்போதும் பொய் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டால்?

போனைத் திறந்து, அந்தச் செய்தியை எடுத்து, ரங்கன் சார் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். என் பெயரை, பயாப்ஸி என்ற சொல்லை, நேரத்தை. போனைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், பப்ஸ் வந்த அன்றைய அறிக்கையைத் திறந்து அந்த நேரத்தைத் தேடினார். இருந்தது.

"அறிக்கையில பேஷன்ட் பேரு எதுவும் வர வேண்டாம்," என்றார். "பேரில்லாம எழுதிக்கலாங்க."

"பேரில்லாம சொன்னா சதாசிவம் நம்ப மாட்டாருங்க சார்."

ஹசீனா அக்கா எட்டி அந்தப் போனை எடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. அல்வாப் பெட்டியை மூடி வைத்துவிட்டு சதாசிவத்துக்கு அவரே போன் போட்டார். மகன், வெயில் எதுவும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். சதாசிவம் அதையே திருப்பிச் சொன்னார். ஆஃப்ல இருக்குதுங்க, வாய்ப்பே இல்லைங்க.

நான் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தேன். "எனக்கு வந்துச்சுங்க. நான் உங்க பேஷன்ட். பயாப்ஸி முடிவு தயார்னு வந்துச்சு. நேத்து அங்க வந்து நின்னேன். என் முன்னால பல்லடத்திலிருந்து ஒரு அக்கா நின்னாங்க. அவங்களுக்கும் வந்திருந்துச்சு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்கம்மா" என்றார் சதாசிவம். திரும்பி வந்தபோது அவர் சொன்னது: பிரதி எடுத்தவர்கள் பெயர்களையும் போன் எண்களையும் அப்படியே எடுத்திருக்கிறார்கள், செய்தி அனுப்பும் இணைப்பும் கூடவே வந்திருக்கிறது. ஆஃப் செய்யச் சொன்னது உண்மை. செய்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மருத்துவமனையே போன் செய்து மன்னிப்புக் கேட்கும். வெள்ளிக்கிழமைச் சோதனை ரத்து.

போன் வைத்த பிறகு எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். பல் வலி என்று சொன்னதை எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 20, வியாழன்

கையேட்டைத் திரும்ப எழுதினேன். முதல் வரியே இப்போது இதுதான்: எந்தப் பொத்தானையும் தொடுமுன், இந்தத் தளத்திலிருந்து வெளியே ஏதாவது போகுமா என்று பொறுப்பில் உள்ள மனிதரிடம் கேள். போகும் என்றால் அது துண்டிக்கப்பட்டதா என்று ஒரே ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்கச் சொல். பதில் வரும்வரை காத்திரு. பதில் வராவிட்டால், வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு தொடங்காதே.

கடைசி வரி நீளம்தான். ரங்கன் சார் படித்தார், கண்ணாடியைத் தொடவில்லை.

மாலையில் கை கழுவும் இடத்தில் ஹசீனா அக்கா. மருதாணி மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னார், "முடிவு வாங்கப் போறப்ப நானும் வரேன். உங்கிட்டக் கேக்கல மலரு. சொல்றேன்."

"எல்லாத்துக்கும் மொதல்ல கேக்கணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

"அது மெஷினுக்கு."

மார்ச் 21, வெள்ளி

காலையில் செய்தி வந்தது. அதே சொற்கள், ஒரு எழுத்துகூட மாறவில்லை. போன் செய்து கேட்டேன். "உண்மையாவே வந்திருச்சுங்களா?" கவுண்டர் பெண் என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. "கைல வெச்சிட்டுத்தான் பேசறேனுங்க. வாங்க" என்றாள்.

படிவத்தில் 'உடன் வந்தவர்' கட்டத்தில் ஹசீனா பேகம் என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "பேகத்துக்குக் கொம்பு சரியாப் போடு" என்றார். பேகத்தில் கொம்பு சரியாகத்தான் இருந்தது. அவருக்கும் பதற்றம் என்று புரிந்தது.

கெட்டது எதுவும் இல்லை. வெறும் கட்டி, இந்த வயதில் பலருக்கு வருவதுதான் என்றார் டாக்டர் அம்மா. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன். ஹசீனா அக்கா வெளியே வந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். நாளை வருகிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பயப்படாதே, முடிந்துபோன விஷயம்தான் என்றேன். இப்படிச் சொன்னால் பயப்படத்தான் செய்வார்.

கிளம்பும்போது பெஞ்சில் பல்லடத்து அக்காவைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கட்டைப்பை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னைக்கு வந்த மெசேஜ் எங்க ஆபீஸ்ல பண்ணுன வேலையால வந்ததுங்க. கம்ப்யூட்டருக்கு என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்கறவ நான். கேட்டுட்டு அமுக்குன்னு எழுதியிருக்கணும். எழுதாம விட்டுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீதானா அது? அமுக்குன ஆளு?"

"ஆமாங்க."

"உனக்கும் வந்துச்சுன்னியே."

"வந்துச்சுங்க. எனக்கும் சேத்துத்தான் போயிருக்குது."

"நல்லா வேணும்," என்றார். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "உனக்கு என்னாச்சு? நல்லபடியா?"

"நல்லபடிங்க."

"ம்." கட்டைப்பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி மன்னிப்பெல்லாம் கேட்டாங்க. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டவங்க இத்தன வருசத்துல அவங்க மட்டுந்தான். ஆனா இன்னைக்கு மறுபடியும் மெசேஜு வரவும், இது நெசமா பொய்யான்னே தெரியல. நெசமா இருக்கக் கூடாதுன்னுகூட நெனச்சேன்."

உள்ளேயிருந்து, "பழனாத்தாள், பல்லடம்" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார்.

"நான் கூட வரட்டுங்களாக்கா?" என்று கேட்டேன்.

பதில் உடனே வரவில்லை. காத்திருந்தேன். கவுண்டரில் மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். பழனாத்தாள் அக்கா திரும்பி, கட்டைப்பையை என்னிடம் நீட்டினார்.